ஆடுவது பொம்மையா, ஆளா?



இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி முன்னறைக்கு வருகிறீர்கள். பூண்டுலோயாக் குளிர் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருக்கிறது. பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் சுருண்டுகொண்டு ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரையில், உடம்பெல்லாம் ரோமம் முளைத்த ஒரு பூதம் மேடையில் சுழன்று சுழன்று ஆடுகிறது. நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்.

"உம்மா, இது கம்பியூட்டர்தானே ஆடுது?" என்று சின்னவன் கேட்கிறான்.

"ஓம் மகன், போனை வெச்சிட்டுத் தூங்குங்க" என்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு தாய்க்கும் இன்று தேவையாகிவிட்டது. ஆட்டம் பாட்டு எதையும் வீட்டுக்குள் விடாத குடும்பங்களும் நம்மில் உண்டு; பிள்ளைகளின் வேடிக்கைதானே என்று விட்டுவிடுகிற குடும்பங்களும் உண்டு. இரு சாராருக்கும் இந்த விஷயம் பொதுவானது. ஏனென்றால் இது நடனத்தைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல; முகத்தை மறைத்துக்கொண்டு உலகத்தின் முன் நிற்பது பற்றிய பேச்சு.

முகம் போய் உருவம் வந்தது

நடனப் போட்டி நமக்குப் புதிதல்ல. 2006இல் விஜய் டீவி 'ஜோடி நம்பர் ஒன்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. 2007இல் கலைஞர் டீவியில் 'மானாட மயிலாட' வந்தது. டிஷ் பூட்டிய மலையக வீடுகளில் அவற்றின் பெயர் தெரியாத பிள்ளை இல்லை எனலாம். அந்தப் போட்டிகளில் ஆடுகிறவரின் முகம் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் தெரிந்தன. நல்லதோ கெட்டதோ, யார் ஆடுகிறார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

பிறகு காலம் ஒரு திருப்பம் திரும்பியது. 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் பாக்ஸ் தொலைக்காட்சி 'ஆல்டர் ஈகோ' என்றொரு பாட்டுப் போட்டியை ஒளிபரப்பியது. பாடுகிறவர் மேடைக்குப் பின்னால் விசேஷ உடுப்போடு நின்று பாடுவார். பார்வையாளர் காண்பதோ, கணினி வரைந்த வேறொரு உருவம் பாடுவதைத்தான்!

2022 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் இதையே நடனத்துக்குக் கொண்டு வந்தது. 'டான்ஸ் மான்ஸ்டர்ஸ்', அதாவது ஆடும் பூதங்கள், என்பது அதன் பெயர். பாடகர் நீ-யோ, லெலே பொன்ஸ், ஆஷ்லி பாஞ்சோ ஆகிய மூவர் நடுவர்கள். பரிசுத் தொகை இரண்டரை லட்சம் டொலர். போட்டியாளர்கள் பூத உருவங்களுக்குள் மறைந்து ஆடினார்கள். போட்டியை விட்டுப் போகும்போதுதான் உள்ளே இருந்த மனிதரின் முகம் காட்டப்படும்.

அப்படி ஆட வந்தவர்களில் கூச்சத்தாலும் தன்னம்பிக்கைக் குறைவாலும் மேடைப் பக்கமே போகாமல் இருந்தவர்கள் இருந்தார்கள். "என் உடம்பைப் பார்த்துச் சிரிப்பார்களோ?" என்ற பயம் உள்ளவருக்கு அந்த உருவம் ஒரு கவசமாக இருந்தது. இந்த நன்மையை நாம் இல்லையென்று சொல்லக்கூடாது. நிறத்தையும் பருமனையும் பார்த்து மனிதரை எடை போடும் இந்த உலகத்தில், முகத்தை விட்டுத் திறமையை மட்டும் பாருங்கள் என்று கேட்பது நியாயமான ஆசைதானே?

டோர்ச் வெளிச்சம் சொல்லும் பாடம்

சரி, ஒரு மனிதரின் ஆட்டம் எப்படிப் பூதத்தின் ஆட்டமாகிறது? விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை.

இருட்டிய பிறகு மலைச்சரிவைப் பாருங்கள். லயத்துப் பாதையில் யாரோ டோர்ச் அடித்துக்கொண்டு இறங்கி வருகிறார். ஆள் தெரிவதில்லை; வெளிச்சப் புள்ளி மட்டும் ஆடி ஆடி வருகிறது. ஆனாலும் அந்த ஆட்டத்தைக் கொண்டே, வருவது வயதானவரா, ஓடி வரும் பையனா, நொண்டி நடப்பவரா என்று உங்களால் சொல்ல முடிகிறது அல்லவா?

அதே வித்தைதான் இது. ஆடுகிறவர் உடம்போடு ஒட்டிய ஓர் உடுப்பு அணிவார். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு சிறு சிறு உருண்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். சுற்றிலும் நிற்கும் கமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். உருண்டைகள் அதைத் திருப்பி அனுப்பும். ஓர் உருண்டையை இரண்டு மூன்று கமராக்கள் வெவ்வேறு திசையிலிருந்து பார்ப்பதால், அது வெளியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கணினி கணக்கிட்டுக் கொள்ளும். ஒரு விநாடிக்குள் நூறு தடவைக்கு மேல்கூட இந்தக் கணக்கு நடக்கும். புள்ளிகளை இணைத்தால் ஓர் எலும்புக்கூடு கிடைக்கும். அதன் மேல் பூதத்தின் தோலையும் ரோமத்தையும் போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. முகபாவம் வேண்டுமானால், தலையில் பூட்டிய சிறு கமரா முகத்தையும் படம் பிடிக்கும்.

ஆக, தோல் மட்டும்தான் கணினியுடையது. தாளம், துள்ளல், மூச்சு, களைப்பு எல்லாம் மனிதருடையது. ஆடுவது ஆள், பொம்மை அந்த ஆளின் சட்டை!

பெயர் இல்லாமல் போனவர்கள்

ஆளை உருவத்துக்குள் மறைக்கும் இந்த வழக்கம் நூறு ஆண்டுப் பழையது. 1915ஆம் ஆண்டளவில் மாக்ஸ் பிளெய்ஷர் என்ற அமெரிக்கர், படம் பிடித்த மனிதரின் அசைவை ஒவ்வொரு கட்டமாகக் கண்ணாடியில் விழச் செய்து, அதன் மேல் சித்திரம் வரையும் கருவியைக் கண்டுபிடித்தார். கோமாளி உடுப்புப் போட்டு ஆடியவர் அவருடைய சகோதரர் டேவ்.

1937இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' சித்திரப் படத்தை அறியாதவர் யார்? அந்த இளவரசி நடப்பதும் சுழல்வதும் பாவாடையைப் பிடித்துக் குனிவதும் மார்ஜ் என்ற இளம் பெண்ணின் அசைவுகள். நடன ஆசிரியர் ஒருவரின் மகள் அவர். பிற்காலத்தில் மார்ஜ் சாம்பியன் என்று புகழ் பெற்றார். ஸ்டூடியோவில் அவர் ஆடிக் காட்ட, அதைப் பார்த்துச் சித்திரக்காரர்கள் வரைந்தார்கள். நாளொன்றுக்குப் பத்து டொலர் கூலி. படத்தில் அவருடைய பெயர் இல்லை! 2020இல் தமது 101ஆவது வயதில் அவர் காலமானபோதுதான், "ஸ்னோ வைட்டுக்குள் ஒரு பெண் இருந்தாளா?" என்று பலரும் வியந்தார்கள்.

2006இல் வந்த 'ஹேப்பி பீட்' படத்தில் மம்பிள் என்ற பெங்குவின் குஞ்சு காலைத் தட்டித் தட்டி ஆடும். நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த ஆட்டம் அது. அந்தக் கால்கள் சாவியன் குளோவர் என்ற கறுப்பினக் கலைஞருடையவை. நாம் சற்றுமுன் பார்த்த உருண்டை உடுப்பை அணிந்து அவர் ஆடியதைத்தான் பெங்குவின் திரும்ப ஆடியது. ஆனால் விளம்பரங்களில் முன்னே நின்றவை குரல் கொடுத்த நட்சத்திரங்களின் பெயர்களே.

நம் தமிழ் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் பங்கெடுத்துத் தயாரித்த 'சிந்துபாத்' ஆங்கிலப் படம் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. மனிதரின் அசைவைப் பதிவு செய்தே முழுப் படத்தையும் உருவாக்கிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. 2014 மே மாதம் ரஜினிகாந்தின் 'கோச்சடையான்' வந்தது. இயக்கியவர் அவருடைய மகள் சௌந்தர்யா. 2009இலேயே காலமாகிவிட்ட நாகேஷ் அந்தப் படத்தில் மீண்டும் தோன்றினார். முகம் நாகேஷுடையது, அசைந்த உடம்பு வேறொருவருடையது. இறந்தவரின் முகத்தை உயிரோடிருப்பவரின் அசைவில் ஒட்டலாம் என்பதை நாம் அன்றே கண்டுவிட்டோம்.

சகோதரிகளே, தேயிலைப் பக்கெட்டில் கம்பனியின் பெயர் இருக்கும். தோட்டத்தின் பெயர்கூட இருக்கலாம். குளிரில் நின்று கொழுந்து கிள்ளிய கையின் பெயர் எந்தப் பக்கெட்டிலாவது இருந்ததுண்டா? நம் கண்முன்னே நடக்கும் இந்த அநீதியைப் போன்றதுதான் அதுவும். உருவத்துக்குப் பெயர் உண்டு. உழைத்த உடம்புக்குப் பெயர் இல்லை.

இது வெறும் மனக்குறையாக நின்றுவிடவில்லை. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நடிகர் சங்கமான சாக்-ஆப்ட்ரா, வீடியோ விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சண்டைக்கு முக்கிய காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? உருண்டை உடுப்பணிந்து ஓடி, விழுந்து, ஆடிக் கொடுக்கும் கலைஞரின் அசைவை வெறும் 'தகவல்' என்று எடுத்துக்கொண்டு, செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டிவிடலாமா என்பதுதான். "தகவல் அல்ல, அது எங்கள் நடிப்பு" என்றார்கள் கலைஞர்கள். 2025 ஜூலையில், தங்களின் சம்மதமும் கூலியும் பேசப்பட்ட புதிய ஒப்பந்தத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஊருக்குள்ளேயே ஒரு உதாரணம்

வேஷம் போட்டு ஆடுவது நம் மலைநாட்டுக்கு அந்நியமா? மாசி மாதம் வந்தால் அயல் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்கும். நம் தமிழ்ச் சகோதரர்கள் காமன் கூத்து நடத்துவார்கள். ரதி வேஷம் கட்டி ஆடுகிறவர் ஓர் ஆண்மகன். முகமெல்லாம் அரிதாரம். ஆனாலும் பார்த்து நிற்கிற சனத்துக்கு, அது எந்த லயத்து யாருடைய மகன் என்று தெரியும். பிழையாக ஆடினால் கேலி செய்வார்கள். நன்றாக ஆடினால் அடுத்த வருடமும் அவனையே அழைப்பார்கள். வேஷம் கலைந்ததும் அவன் மறுபடி அந்த வீட்டுப் பிள்ளை. அங்கே வேஷத்தைப் போடுவதும் கலைப்பதும் ஊரின் கண்முன்னே, தெரிந்தவர்களின் பொறுப்பில் நடக்கின்றன.

திரையிலே வரும் வேஷத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அங்கே வேஷத்தை வைத்திருப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது.

"முகம் தெரியலியே உம்மா!"

இப்போது உங்கள் மூத்த மகளிடம் வருவோம். முன்பு இந்த வித்தைக்கு ஸ்டூடியோவும் உடுப்பும் வேண்டியிருந்தன. 2010இல் மைக்ரோசொப்டின் 'கினெக்ட்' வந்தபோது, உடுப்பில்லாமல் டீவிக்கு முன்னால் நின்று ஆடினாலே போதும் என்றாகியது. இன்றைக்கோ கையிலிருக்கும் போனே போதும். ரீலோட் போட்டு டேட்டா இருந்தால், பூனை முகமோ பொம்மை முகமோ போட்டு, பாட்டுக்கு இரண்டு அடி ஆடி, உலகுக்கு அனுப்பிவிடலாம்.

நீங்கள் கண்டித்தால் அவள் கேட்கக்கூடும்: "என் முகம் தெரியலியே உம்மா. ஆடுறது பொம்மைதானே? இதுவும் பர்தா போலத்தானே?"

கெட்டிக்காரப் பிள்ளையின் கேள்வி! அதட்டி அடக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். பதில் இதுதான்:

பர்தாவை உடுத்துவதும் களைவதும் உடுத்தியவளின் கையில் இருக்கிறது. போனின் முகமூடி அப்படியல்ல. பூனை முகத்தைப் பொருத்த வேண்டுமானால், அந்தச் செயலி முதலில் உன் சொந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். கண் எங்கே, மூக்கு எங்கே என்று அளந்த பிறகுதான் அதன் மேல் பூனையை வரைகிறது. பார்ப்பவருக்கு மறைத்ததே தவிர, செயலிக்கு மறைக்கவில்லை. அந்த நடனப் போட்டியையே எடுத்துக்கொள். முகத்தைத் திறந்து காட்டும் நேரத்தை முடிவு செய்தது ஆடியவர் அல்ல, நிகழ்ச்சியின் விதி.

முகத்தை முழுதாக மறைத்தாலும் அசைவு காட்டிக் கொடுத்துவிடும். 1973இல் சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் யோஹான்சன், மனிதரின் மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்தார். புள்ளிகள் அசைந்த உடனேயே, அது மனிதர் நடப்பது என்று பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். 1977இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், அத்தகைய வெளிச்சப் புள்ளிகளை மட்டும் பார்த்தவர்கள் தங்கள் நண்பர்களை அடையாளம் சொன்னார்கள். எப்போதும் சரியாக அல்ல. ஆனால் குருட்டு யூகத்தை விட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள்.

மனிதக் கண்ணுக்கே அவ்வளவு முடியுமென்றால், கணினிக்கு? 2023இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு, பாட்டின் தாளத்துக்குக் கையை வீசி ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. அதை விளையாடிய 50,000க்கும் அதிகமானவர்களின் தலை, கை அசைவுகளை மட்டும் எடுத்தார்கள். பெயரும் இல்லை, முகமும் இல்லை. நூறு விநாடி அசைவைக் கொடுத்தபோது, அத்தனை பேருக்குள் இன்னார் என்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகக் கணினி கண்டுபிடித்தது!

கைரேகை போல, அசைவும் ஒரு ரேகை. பொம்மைக்குள் ஒளிந்தாலும் அந்த ரேகை மறைவதில்லை.

தலைகீழாகவும் நடக்கும்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன் உடம்பின் மேல் பிற முகத்தைப் போடலாம் என்றால், பிறர் உடம்பின் மேல் நம் முகத்தையும் போடலாம் அல்லவா? 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவுக்கு இதுதான் நடந்தது. வேறொரு பெண் எடுத்த வீடியோவில் ராஷ்மிகாவின் முகத்தை ஒட்டிப் பரப்பிவிட்டார்கள். நாடே அவருக்காகப் பேசியது; 2024 ஜனவரியில் டில்லிப் பொலிஸார் ஒருவரைக் கைது செய்தார்கள்.

நடிகைக்கு நாடு பேசியது. தோட்டத்துப் பாடசாலையிலோ டவுன் பாடசாலையிலோ படிக்கும் ஒரு பிள்ளைக்கு நடந்தால் யார் பேசுவது? முதலில் பேச வேண்டியவள் தாய். பிள்ளை அழுதுகொண்டு வந்து சொல்லும்போது, "நீ ஏன் போட்டோ போட்டாய்?" என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு அவள் வாயை மூடிவிடுவாள். அதன்பின் மிரட்டுகிறவனுக்குத்தான் வசதி. படத்தையும் அனுப்பியவரின் விபரத்தையும் அழித்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இரண்டையும் அடுப்படிக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

பிள்ளை பார்க்கும் நிகழ்ச்சியை ஒருநாளாவது கூட இருந்து பாருங்கள். "இந்தப் பூதத்துக்குள்ள ஆடுறது யாரு?" என்று நீங்களே கேளுங்கள். முடிவில் ஓடும் பெயர்களை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். உழைப்புக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று சிறுவயதில் விளங்கிக்கொண்ட பிள்ளை, வளர்ந்தபின் வேலை செய்பவரை ஏளனமாக நடத்தாது.

எந்தச் செயலியாக இருந்தாலும், கமராவுக்கு அனுமதி கேட்டால் உடனே 'சரி' என்று அழுத்த விடாதீர்கள். எதற்குக் கேட்கிறது, விளையாடி முடிந்ததும் அதை மூடிவிடலாமா என்று நானாவோ வாப்பாவோ கூட இருந்து பார்க்கட்டும்.

வெளியே அனுப்பும் முன் பிள்ளை தனக்குத் தானே ஒரு கேள்வி கேட்கப் பழகட்டும்: "இந்த முகமூடி நாளைக்குக் கழன்று விழுந்தால், இதே வீடியோவை நான் வாப்பாவுக்குக் காட்டுவேனா?" ஓம் என்றால் யோசிக்கலாம். இல்லை என்றால் முகமூடியை நம்பி அனுப்பக்கூடாது.

கூச்சமுள்ள பிள்ளை உருவத்துக்குள் ஒளிந்துதான் சிரிக்கிறது என்று கண்டால், அதையும் கவனியுங்கள். போட்டியாளர்களுக்குப் பூத வேஷம் கொடுத்த தைரியத்தை நம் பிள்ளைக்கு நாம் கொடுக்கலாமே! அவள் நிறத்தைப் பற்றியோ பருமனைப் பற்றியோ விருந்தாளி முன்னால் சொல்கிற ஒரு வார்த்தையை நிறுத்திப் பாருங்கள். சொந்த முகத்தோடு பேசக் கூச்சப்படாத பிள்ளைக்குப் பொம்மை முகம் ஒரு விளையாட்டாக மட்டுமே இருக்கும். அது அவளுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக மாறாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.